ஏப்பம் வராத விருந்தாளிகள்

மே 17, ஞாயிறு

மகனும் மருமகளும் இன்று காலை ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்கள். மருமகள் யாழினிக்குக் கம்பெனியில் ஏதோ மெஷின் பழகும் பயிற்சி, மூன்று வாரம். மகன் கதிர்வேல் லீவு போட்டுத் துணைக்குப் போகிறானாம். யாருக்கு யார் துணை என்பது போய்ச் சேர்ந்தால் தெரியும்.

மகனுடைய இந்தக் கோயமுத்தூர் ஃபிளாட்டில் மூன்று வாரம் நான் தனி. வீட்டுக்காரி சரசு, மகளின் பிரசவத்துக்காக ஈரோட்டில் இருக்கிறாள். என்னையும் அங்கே வரச் சொன்னாள். சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, எனக்கு எண்ணெய் இல்லாமல் போடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று கேட்டுச் சாப்பிட என்னால் ஆகாது. முப்பத்தெட்டு வருடமாகக் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவன் நான். கோபி பக்கம் நாச்சிமுத்து பந்தி என்றால், தாலி கட்டுவதற்கு முன்பே சாப்பாட்டுக் கூடத்தில் இடம் பிடிக்கிறவர்கள் உண்டு.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வைக்கும்போதே சர்க்கரையும் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒரு வேலைக்குப் போனால் இரண்டு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் டாக்டர்கள். மூன்று மாதம் அடுப்படிப் பக்கமே போகக்கூடாதாம். தொழிலை இப்போது என் தலைமை மாஸ்டர் செல்லமுத்து பார்த்துக்கொள்கிறான்.

இனி முக்கியமான விஷயம். மருமகள் இரண்டு சின்சில்லா வளர்க்கிறாள். எலி ஜாதி. முயல் காது, அணில் வால், வெல்வெட் சட்டை. தென் அமெரிக்க மலையில் இருக்க வேண்டியவை, என் பாவம், இங்கே மூன்றாவது மாடியில் ஏ.சி. அறையில் இருக்கின்றன. ஒன்றின் பெயர் ஜாங்கிரி, மற்றது பூந்தி. இனிப்பே நுழையக் கூடாத வீட்டில் தினம் நாலு தடவை இந்தப் பெயர்களை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது ஃபிரிஜ் கதவில் இரண்டு அட்டவணை ஒட்டினாள். எடை, தீனி, தண்ணீர், வெளிக்கி, குறிப்பு என்று ஐந்து கட்டம். ஒன்றின் தலைப்பு 'ஜாங்கிரி, பூந்தி'. இன்னொன்றின் தலைப்பு 'மாமா'.

"ஏனம்மிணி, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது?"

"ஒரே ஃபைலுங்க மாமா, பேர மட்டும் மாத்தி பிரிண்ட் போட்டேன். தெனமும் காலைல ரெண்டையும் எழுதி போட்டோ எடுத்து அனுப்பிப்போடுங்க. உங்குளுத நான் டாக்டருக்கு அனுப்பிக்கறேன்."

எனக்கும் எலிக்கும் ஒரே படிவம். 'தீனி' என்ற சொல்லையாவது மாற்றியிருக்கலாம்.

அவற்றுக்கு உலர்புல் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பெல்லட் என்ற பச்சை உருண்டைத் தீவனம் வேளைக்கு ஒரு ஸ்பூன். தண்ணீர். அவ்வளவுதான். "திராட்சை, முந்திரி, வெல்லம் எதுவும் வேண்டாமுங்க மாமா. அதுக வயிறு நெம்ப மோசம்" என்று மூன்று தடவை சொன்னாள். லிஃப்டுக்குள் போனபிறகு நாலாவது தடவை சொன்னாள்.

அட்டவணை அவர்களுக்கு. இந்த நோட்டு எனக்கு. இதில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன்.

மே 18, திங்கள்

காலை ஏழு மணிக்கு முதல் பந்தி. சமையல் தராசில் நிறுத்தேன். ஜாங்கிரி 560 கிராம், பூந்தி 525. தராசைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

கூண்டுத் தட்டில் கிடப்பதைப் புழுக்கை என்று சொன்னால் போதும். நல்ல நீள அரிசி அளவு, காய்ந்த பதம், நாற்றம் இல்லை. கூண்டுக்கு நடுவில் தடுப்பு, ஆளுக்கு ஒரு பக்கம்; ஒரு ராத்திரிக்கு ஒவ்வொன்றும் இருநூறுக்கு மேல். எண்ணி எழுதச் சொல்லியிருக்கிறாள். எண்ணினேன். என்னிடம் இருபது பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாப்பிடுகிற விதம் என்னை அசத்திவிட்டது. பின்கால்களில் சம்மணம் போட்டதுபோல் உட்கார்ந்து, பெல்லட்டை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிச் சாப்பிடுகிறது ஜாங்கிரி. செல்போன் பார்ப்பதில்லை. பக்கத்து இலையைப் பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் இப்படி ஒருவரையும் காணோம்.

சாப்பிட்டு முடித்ததும் ஏப்பத்துக்காகக் காத்திருந்தேன். என் தொழிலில் அதுதான் ரசீது. போதும் போதும் என்று வாயால் சொல்வதை நான் நம்புவதில்லை. இலையை மூடப் போகிறவரைக்கூட ஒரு கரண்டி போட்டுவிட்டுத்தான் விடுவேன். ஏப்பம் வந்தால் ஒதுங்கிக்கொள்வேன். இரண்டும் ஏப்பம் விடவில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்தேன்.

ஒரு ஸ்பூன் என்றாளே தவிர எந்த ஸ்பூன் என்று சொல்லவில்லை. குழிக்கரண்டியும் ஒரு வகை ஸ்பூன்தான்.

மே 19, செவ்வாய்

அசிங்கம். பூந்தி தன் பின்பக்கம் குனிந்து, வந்ததை வாயிலேயே வாங்கித் தின்றது. என் கண்ணால் பார்த்தேன். உடனே ஜெர்மனிக்குப் போன் போட்டேன். அங்கே அப்போது விடிந்திருக்கவில்லை.

"அம்மிணி, பூந்திக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. அதோடத அதே திங்குது."

"அது அப்படித்தானுங்க மாமா. புல்லு ஒரே வாட்டில செரிக்காது. மெத்துனு வர்றத மறுபடியும் உள்ள அனுப்பும். அது நல்லதுங்க, அப்படித் திங்கலைனாத்தான் பயப்படணும்."

ரெண்டாம் பந்தி என்று இதைத்தான் நாங்கள் வேறு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. மருமகள் என்ன சொன்னாலும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பந்தியில் போட்டது போதாமல்தான் ஒரு ஜீவன் இந்த நிலைக்கு வரும்.

மே 20, புதன்

வெளியே 37 டிகிரி, சின்சில்லா அறையில் 21. மங்கி குல்லா மாட்டிக்கொண்டு பேப்பர் படித்தேன். ஏப்பம் இல்லை.

மே 21, வியாழன்

இன்று பீளமேட்டில் நம் கல்யாணம். நம் என்றால் செல்லமுத்து நடத்துவது. மத்தியானம் வேன் டிரைவரிடம் ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருந்தான். மைசூர்பா, கேசரி, கச்சாயம். 'ருசி பார்த்துச் சொல்லுங்கண்ணா' என்று சீட்டு.

முதலாளிக்கு என்று ஒரு கடமை இருக்கிறது. மைசூர்பாவில் ஒன்றரை, கேசரி முழுதும், கச்சாயம் இரண்டு ருசி பார்த்தேன். இது சாப்பிடுவதில் சேராது, மேற்பார்வை. அட்டவணையில் 'இட்லி இரண்டு, வெண்டைக்காய்ப் பொரியல், மோர்' என்று எழுதினேன். அவற்றையும் சாப்பிட்டேன் என்பதால் அது பொய் ஆகாது.

கேசரியில் திராட்சை பதினொன்று இருந்தது. நெய் குறைவு. திராட்சை நல்ல ரகம். நான் தின்றது எட்டு.

மே 22, வெள்ளி

ஜாங்கிரிக்கு என் மேல் பாசம் வந்துவிட்டது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. ஒரு கையை வெளியே நீட்டுகிறது. அந்தக் கையில் நாலு விரல், கடுகு கடுகாக நகம்.

அட்டவணை: புல், ஒரு ஸ்பூன் பெல்லட். வேறு எதுவும் இல்லை.

மே 24, ஞாயிறு

கோபியில் பெரிய கல்யாணம், ஆயிரத்து இருநூறு இலை. காலையிலிருந்து ஆறு தடவை செல்லமுத்துவுக்குப் போன் செய்தேன். ஒரு தடவையும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"நல்லா முடிஞ்சுதுங்கண்ணா. எலைல ஒண்ணும் மிச்சமில்ல. ஒருத்தரும் ஒரு கொறை சொல்லலீங்க."

"ரசத்துக்கு வெல்லம் போட்டியா?"

"போட்டேனுங்க."

"என்னைய யாராவது கேட்டாங்களாடா?"

"கூட்டமுங்கண்ணா… கேட்டிருப்பாங்க."

நல்லது. பையன் தேறிவிட்டான். இருபது வருடம் சொல்லிக்கொடுத்ததற்குப் பலன். எனக்கு ரொம்பச் சந்தோஷம். ராத்திரிச் சாப்பாடு பிடிக்கவில்லை, வெயில் காரணமாக இருக்கலாம்.

ஜாங்கிரி மட்டும் கை நீட்டியது.

மே 26, செவ்வாய்

ஜாங்கிரி 584. நான் ஒன்றேகால் கிலோ ஏறியிருக்கிறேன். கருவியில் விரலைக் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 243.

டாக்டர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு மருமகளிடம், "சாப்பாடு இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் ஏறுதுன்னா மாத்திரை பத்தல" என்று சொன்னாராம். மாத்திரையை ஒன்றரையாக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு தடவை ஏற்றியிருந்தார், இது இரண்டாவது. கை ராசி இல்லாத டாக்டர்.

மே 28, வியாழன்

வீடியோ காலில் மருமகள் சமையலறையைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, அந்தத் திராட்சை டப்பா நெறைய இருந்துச்சே? இப்ப அடில கெடக்குது?"

எறும்பு என்று சொன்னேன். எறும்பு டப்பாவைத் திறக்காது என்றாள். பிறகு, "மயிலாத்தாக்கா எடுத்து அதுகளுக்குப் போடறாங்களாங்க மாமா? அவுங்களுக்கு எல்லாத்துக்கும் எதாச்சும் குடுத்துட்டே இருக்கோணும்" என்று கேட்டாள். மயிலாத்தா இங்கே தினமும் வந்து வீடு கூட்டிச் சமைத்துவிட்டுப் போகிறவள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது பொய் சொல்வது ஆகாது.

மே 29, வெள்ளி

மயிலாத்தா வந்ததும் கூடையை வைத்துவிட்டு நேராக என் முன்னால் நின்றாள்.

"ஏனுங்கய்யா, அம்மிணி போன் பண்ணுச்சுங்க. நான் அந்தச் சீவன்களுக்கு ஒரு பருக்கை போட்டிருந்தா என்ற கை அழுகிப்போகோணும்."

"செரி, செரி. வேலையப் பாரும்மா."

காப்பி கொடுத்தாள். அதில் எனக்காக யாருக்கும் தெரியாமல் போடும் அரை ஸ்பூன் சர்க்கரை இன்று இல்லை.

மே 31, ஞாயிறு

பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவப் போனபிறகு நான் இலைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு நடை நடப்பேன். அதுதான் என் படிப்பு. கூட்டு ஒதுக்கப்பட்டிருந்தால் தேங்காய் பழசு. சாதம் குவிந்திருந்தால் குழம்பு நீர்த்துப்போச்சு. யாரும் வந்து என்னிடம் சொல்ல வேண்டாம்.

இன்று காலை கூண்டுத் தட்டைப் பார்த்தபோது அதே மாதிரி மனசுக்குள் ஒன்று தட்டியது. ஜாங்கிரி பக்கம் எண்பதுதான் இருந்தது. அதுவும் சின்னதாக, ஒரு முனை கூராக, நொய்யரிசி மாதிரி. புல் தொடவே இல்லை. பெல்லட்டை வாங்கி முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தது. சாப்பாட்டை முகர்ந்து கீழே வைப்பது அதன் சுபாவம் இல்லை.

வெயில்தான். அறைக்குள் வெயில் இல்லை என்று எனக்கும் தெரியும். 'குறிப்பு' கட்டத்தில் 'நலம்' என்று எழுதினேன்.

ஜூன் 1, திங்கள்

இன்றைக்கு நடந்ததை முழுதும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு மாற்றி எழுதிவிடுவேன்.

காலையில் தட்டு சுத்தமாக இருந்தது. ஜாங்கிரி பக்கம் ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தது. செருப்புச் சத்தத்துக்கு எழவில்லை. கையை நீட்டவில்லை. கூண்டைத் திறந்து தூக்கினேன், வயிறு மத்தளம் மாதிரி இருந்தது.

மருமகள் எழுதி வைத்திருந்த கிளினிக்குக்கு ஆட்டோவில் போனேன். மங்கி குல்லாவைக் கழற்ற மறந்திருந்தேன். வெளியே ரோடு கொதிக்கிறது, கூடையில் ஐஸ் பாட்டில், மடியில் கூடை, தலையில் குல்லா. ஆட்டோக்காரர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் நஸ்ரின் சின்ன வயதுப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறியது. எக்ஸ்ரே எடுத்தார். அடைப்பு இல்லை, ஆனால் குடல் முழுக்கக் காற்று.

"என்ன சாப்பிட்டது சார்?"

அட்டவணையைக் கொடுத்தேன். இரண்டு வாரத்தையும் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"புல்லு, ஒரு ஸ்பூன் பெல்லட், வேற எதுவும் இல்ல. தெனமும் எழுதியிருக்கீங்களே! இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதிட்டு வர்றதில்ல சார்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். இதற்கு மட்டும்தான் கும்பிடு போடாமல் குனிந்துகொண்டேன்.

"சாப்பாட்டுல தப்பு இல்லன்னா பல்லாத்தான் இருக்கணும். கடவாய்ப்பல் உள்ள வளந்து குத்தினா இப்படித்தான் சாப்பிடாம நின்னு போயிரும். அதைப் பாக்க மயக்க மருந்து குடுக்கணும். இப்ப இருக்கற நிலைமைல மயக்கம் குடுத்தா முழிக்காமலே போக வாய்ப்பு இருக்கு. ஆனா வேற காரணம் தெரியலையே."

மருமகள் போனில் வீடியோவில் இருந்தாள். அழுதுகொண்டே, "பண்ணுங்க டாக்டர்" என்றாள். ஒரு தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்கள். சம்மதக் கையெழுத்து. கையில் பேனாவைப் பிடித்தேன். ஜாங்கிரி மேஜையில் துணிமேல் கிடந்து என்னைப் பார்த்தது. கண்ணில் பாசம் எல்லாம் இல்லை, வலி.

"டாக்டரம்மா, சித்தெ இருங்க" என்றேன்.

பிறகு சொல்லத் தொடங்கினேன். மெனு ஒப்பிப்பது எனக்குப் பழக்கம், ஆனால் இன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"மொத நாளு கேசரித் திராட்சை, ஒண்ணரைங்க. நெய்யத் தொடச்சுப் போட்டுத்தான் குடுத்தேன். அப்பறம் டப்பாத் திராட்சை, காலைல ரெண்டு, பொழுதோட ரெண்டு. முந்திரி பாதி பாதியா. கச்சாயத்து ஓரம் ஒருக்கா. பெல்லட்டு… அது ஸ்பூன் இல்லீங்க, குழிக்கரண்டி."

"எத்தனை நாளா?"

"பதினோரு நாளுங்க."

டாக்டர் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் சார்?"

"ஏப்பம் விடட்டும்னு பாத்தேனுங்க. விட்டா நிறுத்திக்கலாம்னு. கடைசி வரைக்கும் விடவே இல்ல."

நர்ஸ் திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், சின்சில்லாவால ஏப்பம் விட முடியாது. வாந்தியும் எடுக்க முடியாது. உள்ள சேர்ந்த காத்து மேல வர வழியே இல்ல. நீங்க வருஷம் பூரா நின்னாலும் வராது."

முப்பத்தெட்டு வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் ஏப்பம். அது வராத வயிறும் உலகத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. யாழினி சொன்னாள். நாலு தடவை சொன்னாள்.

போனில் மருமகள் குரல் வந்தது. "அப்ப மயிலாத்தாக்கா?"

"அவ மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. எல்லாம் நாந்தான். அன்னிக்கு நீ கேட்டப்ப வாயத் தொறக்காம இருந்ததும் நாந்தான்."

அவள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலாம்.

மயக்க மருந்து வேண்டாம் என்றாகிவிட்டது. காற்று கலைய சொட்டு மருந்து, வலிக்கு ஊசி, தோலுக்கடியில் திரவம். அரைத்த புல் மாவைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். நாளை சாயங்காலத்துக்குள் புழுக்கை போட்டால் பிழைக்கும். போடாவிட்டால் என்ன என்று கேட்டேன், டாக்டர் சிரிஞ்சை என் கையில் கொடுத்தார்.

ஜூன் 2, செவ்வாய்

ஆயிரக்கணக்கான இலைக்குப் பரிமாறியவன், இன்று இரண்டு மில்லியைப் பரிமாற அரை மணி நேரம் எடுக்கிறேன். வாயோரம் சிரிஞ்சை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். பாதி என் சட்டையில். வயிற்றை இரண்டு விரலால் நீவிவிட வேண்டும்.

மயிலாத்தா சிரிஞ்சுகளைக் கழுவித் தந்தாள். நானாகத்தான் பேச்சை எடுத்தேன்.

"மயிலாத்தா, உன்ற மேல பழி வந்தப்ப நான் பேசாம இருந்துட்டேன். தப்பு என்ற மேலதான்."

"தெரியுமுங்க. நீங்க கம்பிகிட்டக் குந்திக்கிட்டு ஊட்டறதத் தெனமும் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்."

"பாத்துட்டு ஏம்மா அம்மிணிகிட்டச் சொல்லல?"

"நான் அதச் சொன்னா நீங்க காப்பிச் சர்க்கரையச் சொல்லிப்போடுவீங்களே."

கூண்டை முழுதாகத் துடைத்தபோது பூந்தியின் மரக்கட்டைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு திராட்சையும் சில முந்திரித் துண்டும் கிடந்தன. பதினோரு நாளும் அது என் கையால் மரியாதையாக வாங்கி, நான் போனபிறகு பின்னால் போட்டிருக்கிறது. இந்த வீட்டில் வயிற்றைப் பற்றிய அறிவு பூந்திக்கு மட்டும்தான் இருக்கிறது.

பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு. தட்டில் வெள்ளைத் துணி விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. நாலு மணிக்கு ஊட்டும்போது நாக்கை நீட்டித் தானாக நக்கியது. வேண்டாத சாமி இல்லை. புழுக்கைக்காகவா வேண்டுகிறாய் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை.

நாலே முக்காலுக்குத் துணிமேல் ஒன்று விழுந்தது.

சின்னது, வளைந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. சத்தம் போட்டுவிட்டேன். மயிலாத்தா பாதி கழுவிய பாத்திரத்தோடு ஓடி வந்தாள். ஜெர்மனிக்கு அடித்தேன், யாழினி எடுக்கவில்லை. ஈரோட்டுக்கு அடித்தேன். பிள்ளை பிறந்துவிட்டதா என்று நான் கேட்கப் போகிறேன் என்று நினைத்துச் சரசு "இன்னும் இல்லீங்க" என்றாள். "இங்க ஆயிருச்சு" என்றேன். செல்லமுத்துவுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"செல்லமுத்து, போட்டிருச்சுடா!"

"என்னதுங்கண்ணா, எலையா?"

"புழுக்கைடா! புழுக்கை!"

பின்னால் பாத்திரங்கள் உருளும் ஓசை மட்டும் கேட்டது. "…செரிங்கண்ணா. ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றான்.

ஆறு மணிக்குள் பதினாலு. துணியோடு போட்டோ எடுத்து மருமகளுக்கு அனுப்பினேன். நேற்றிலிருந்து பேசாதவள் உடனே கூப்பிட்டாள். போனில் அவளும் அழுதாள், நானும் அழுதேன். பதினாலு புழுக்கைக்கு இரண்டு பேர் அழுதது எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஜூன் 3, புதன்

ஜாங்கிரி தானாகப் புல் தின்றது. புழுக்கை 61.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். கேசரியில் பதினொரு திராட்சை, நான் தின்றது எட்டு என்று எழுதியவன், மீதி மூன்று எங்கே போயிற்று என்று எழுதவில்லை. எனக்கே எனக்கு வைத்திருக்கும் நோட்டில்கூட.

ஏப்பத்துக்காகத்தான் போட்டேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னது பாதி நிஜம். மீதியை இப்போது எழுதுகிறேன். நான் இல்லாமல் பந்தி நடக்கிறது. நன்றாக நடக்கிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. ஆயிரத்து இருநூறு பேரில் ஒருவர்கூட நாச்சிமுத்து எங்கே என்று கேட்காத நாளில், இன்னும் கொஞ்சம் போடு என்று என்னிடம் கை நீட்டியது அந்த நாலு விரல் மட்டும்தான். அதற்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஃபிரிஜ் கதவில் 'மாமா' அட்டவணையைப் பார்த்தேன். இட்லி இரண்டு, வெண்டைக்காய், மோர். இட்லி இரண்டு, புடலங்காய், மோர். என்ன அழகான எழுத்து! இதே எழுத்தை நம்பித்தான் ஒரு டாக்டர் ஜாங்கிரியின் பல்லில் கை வைக்கப் போனார், இன்னொரு டாக்டர் எனக்கு இரண்டு தடவை மாத்திரையை ஏற்றினார். கை ராசி இல்லாத டாக்டர் என்று அவரை எழுதியிருக்கிறேன்.

சிவப்புப் பேனா எடுத்து ஒவ்வொரு நாளாகத் திருத்தினேன். மைசூர்பா, கச்சாயம், காப்பிச் சர்க்கரை, ஞாயிற்றுக்கிழமை பார்சலில் வந்த அதிரசம். நாலாவது நாளுக்குமேல் கட்டத்தில் இடம் பத்தவில்லை, பின்பக்கம் எழுதினேன். போட்டோ எடுத்து என் டாக்டருக்கே நேராக அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 'பழைய அளவு மாத்திரையே போதும். வெள்ளிக்கிழமை நேரில் வாருங்கள். அதிரசம் எடுத்துவர வேண்டாம்.'

ஜூன் 5, வெள்ளி

ஜாங்கிரி 148. என் டாக்டரிடம் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

மகனும் மருமகளும் வந்துவிட்டார்கள். யாழினி பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு நேராகக் கூண்டுக்குப் போனாள். ஜாங்கிரியை நிறுத்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. கதிர்வேல் பக்கத்தில் வந்து, "குழிக்கரண்டியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்கு அதிலேயே சிரிப்பு அடங்கவில்லை.

மத்தியானம் நானே பரிமாறினேன். அரிசியும் பருப்பும், கத்தரிக்காய்க் கடைசல். யாழினி நன்றாகச் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு போனேன். தட்டின்மேல் கையை மறித்து, "போதுங்க மாமா" என்றாள்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. முப்பத்தெட்டு வருடத்தில் அந்தச் சொல்லுக்காக நான் கரண்டியைத் திருப்பியதில்லை. இன்று திருப்பிப் பாத்திரத்தில் வைத்தேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒடம்பு எளைச்சுப் போச்சுங்க மாமா உங்குளுக்கு" என்றாள்.

ஜூன் 8, திங்கள்

காலையில் ஃபிரிஜ் கதவில் பழைய தாள்கள் இரண்டையும் காணோம். புதிதாக ஒரே ஒரு அட்டவணை. தலைப்பு 'நம்ம வீடு'. இடது பக்கம் மூன்று பெயர், ஒன்றன்கீழ் ஒன்றாக: ஜாங்கிரி, பூந்தி, மாமா.

மூன்று வாரத்துக்கு முன்னால் தனித்தனித் தாளாக இருந்தபோதே எனக்கு ரோஷம் வந்தது. இப்போது அவற்றுக்குக் கீழே மூன்றாவது வரிசையில் இருக்கிறேன். ரோஷம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. பெயரைத் தொட்டுப் பார்த்தேன்.

அறைக்குள் போனதும் ஜாங்கிரி எழுந்து நின்று கையை நீட்டியது. என்னிடம் ஒரு துரும்பு உலர்புல்தான் இருந்தது. கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணை மூடிச் சாப்பிட்டது. இவ்வளவு நாளும் திராட்சைக்குத்தான் நீட்டுகிறது என்று நினைத்திருந்தேன்.

செல்லமுத்து காலையிலேயே பார்சல் அனுப்பியிருந்தான். பேனாவை எடுத்துப் புது அட்டவணையை நிரப்பினேன்.

ஜாங்கிரி: புல், பெல்லட் ஒரு ஸ்பூன், சின்ன ஸ்பூன். 190.

பூந்தி: அதே. 215.

மாமா: இட்லி மூன்று. மைசூர்பா அரை. மேற்பார்வை இல்லை, தின்றேன்.